நவம்பரில் வராத சைக்கிள்கள்

முதல் வருஷம்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சைக்கிள் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ரிப்பேர், சர்வீஸ், கவுண்டர் மூன்றும் என் பொறுப்பு. நான் சேர்ந்தது ஒரு மார்ச் மாதம். சனிக்கிழமை மதியம் ஆனாலே சர்வீஸுக்கு வந்த சைக்கிள்கள் கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் வரிசையாக நிற்கும். செயின் கழுவிக் கழுவி என் விரல் நகமெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் ஒரு கூட்டம் சேரும். முதலாளி கதிரேசன் ஆரம்பித்து வைத்தது. புக்கிட் தீமா ரோட்டில் ஏறி, கிராஞ்சி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, தேக்கா மார்க்கெட்டில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். பேங்கில் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட டீச்சர், தொழிற்சாலை சூப்பர்வைசர் என்று முப்பது பேர் வரை இருந்தார்கள். பந்தயத்துக்குப் போகிறவர் ஒருவரும் கிடையாது. கால் வலித்தால் நிற்பார்கள், இளநீர் கடையைப் பார்த்தாலும் நிற்பார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ரோட்டில் விளக்கு அலங்காரம் போட்ட வாரம் இருபது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மழை, ஒன்பது பேர். நவம்பர் கடைசி ஞாயிறு நானும் முதலாளியும் மட்டும் ஷட்டருக்குக் கீழே நின்று தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேறு பயம். "அண்ணே, என் சர்வீஸ்ல ஏதும் குறையா? யாரும் வர மாட்டேங்குறாங்களே" என்று கேட்டேன்.

"உன் சர்வீஸுக்கு என்ன? மழை, ஸ்கூல் லீவு, கல்யாணம், ஊருக்குப் போறது. வருஷா வருஷம் இப்படித்தான் பார்வதி. பிப்ரவரி வாக்குல சீனப் பெருநாள் முடியட்டும், எல்லாரும் வந்துருவாங்க லா" என்றார்.

வந்தார்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

போர்டு

நாலாவது வருஷம் ஒரு பெரிய வெள்ளை போர்டு வாங்கி கவுண்டருக்குப் பின்னால் மாட்டினேன். எல்லோர் பெயரும், மாதாமாதம் ஓட்டிய கிலோமீட்டரும். போன மாதத்தைவிடக் கூடினால் நீல மை, குறைந்தால் சிவப்பு மை. மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன்.

"எதுக்கும்மா இது?" என்றார் முதலாளி.

"ஆர்வம் குறையாம இருக்கும் அண்ணே."

செப்டம்பர் வரைக்கும் நன்றாகவே நடந்தது. சிலர் வேலை முடிந்து ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். எனக்கு ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு. நவம்பரில் போர்டு கிட்டத்தட்ட முழுக்கச் சிவப்பு.

மகனுடைய சைக்கிளுக்கு டியூப் வாங்க வந்த எங்கள் ஞாயிறு கூட்டத்து மாலதி டீச்சர் போர்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "ஸ்கூல்ல நான் மார்க் போடுறேன். இங்க வந்தா எனக்கு மார்க்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு கடையில் சர்வீஸ் செய்கிறார் என்று காதில் விழுந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் குணசேகரன் அண்ணனின் எண்ணும் சிவப்பானது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வீடு ஆங் மோ கியோ. போர்டு மாட்டிய நாளிலிருந்து அவர்தான் முதலிடம். குழுவில் எல்லோரும் பார்க்க, "குணா அண்ணே, நீங்களுமா?" என்று எழுதி ஒரு அழுகிற முகத்தையும் போட்டேன்.

"இந்த வாரம் சரி பண்ணிடுறேன் லா" என்று பதில் வந்தது.

அந்த ஞாயிறு விடியும்போதே நல்ல மழை. ரைடு கிடையாது என்று குழுவில் சொல்லிவிட்டோம். எட்டேகாலுக்குக் கடை போன் அடித்தது. தெரியாத குரல், தமிழ்நாட்டுப் பேச்சு.

"அக்கா, சைக்கிள்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்து அடிக்கிறேன். இங்க கிராஞ்சி பக்கம் ஒருத்தர் வழுக்கி விழுந்து கெடக்குறாரு. எங்க லாரியை நிறுத்தித் தூக்கி ஓரமா உக்கார வச்சிருக்கோம். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. பேசுறாரு, பயப்படாதீங்க. கைய மட்டும் தூக்க முடியல."

சர்வீஸ் முடித்த ஒவ்வொரு சைக்கிளிலும் கடை நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. எந்தச் சைக்கிள் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில்

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சாலையில் வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் வழுக்கியிருக்கிறது. பின்னால் வந்த லாரி மெதுவாக வந்ததால் தப்பித்தார்.

அவர் மனைவி வசந்தா அக்கா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீதானே பார்வதி? அந்தப் போர்டு போட்ட பொண்ணு?"

"ஆமாக்கா."

"வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை காலையில அவரு வீட்ல இருக்க மாட்டாரு. எனக்கு அதுல கோவம் இல்ல, சந்தோஷமாப் போறாரு, வராரு. ஆனா நவம்பர், டிசம்பர்ல மழை வந்தா வீட்ல இருப்பாரு. நான் தோசை ஊத்துவேன், அவரு சட்னி அரைப்பாரு. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ரெண்டு பேரும் பத்து மணி வரைக்கும் சாப்பிடுவோம். நீங்கல்லாம் எப்ப மழை விடும்னு பாப்பீங்க. நான் எப்ப வரும்னு பாத்துட்டு இருப்பேன்." மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டே, "இந்த வருஷம் ஒரு ஞாயிறுகூட இருக்கல" என்றார்.

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் குறை என்று சிவப்பு மையில் எழுதியதெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் யாரோ காத்திருந்த நேரமாக இருந்திருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் போர்டைக் கழற்றினேன். முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு

மாலதி டீச்சருக்கு போன் செய்தேன். "ரைடுக்குக் கூப்பிடல டீச்சர். அந்தப் போர்டுக்கு மன்னிப்புக் கேக்கத்தான்." அவர், "என் பையன் சைக்கிள்ல பிரேக் கத்துது. கொண்டு வரட்டா?" என்றார்.

குணா அண்ணன் ஐந்து மாதம் கழித்துத்தான் சைக்கிள் ஏறினார். அடுத்த நவம்பரில் கடைக்கு வந்து, லீவு கேட்கிற மாதிரி நின்றார். "பார்வதி, பிப்ரவரி வரைக்கும் நான் வரல."

"வராதீங்க அண்ணே. செயினைத் தொடைச்சு எண்ணெய் போட்டுத் தரேன். வீட்டுக்குள்ள வைங்க, அப்பப்ப டயர்ல காத்து இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றேன்.

அந்த வருஷத்திலிருந்து பிப்ரவரியில் முதல் இரண்டு ஞாயிறு தூரத்தைப் பாதியாக்கினோம். இரண்டு மூன்று மாதம் மிதிக்காத கால் புக்கிட் தீமா ஏற்றத்திலேயே நடுங்கும். ஏற்றம் முடிகிற இடத்தில் நான் நின்று கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பேன். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூச்சு வாங்க வந்து சேருகிறவர்களின் முகத்தில் இருந்த கூச்சம் பரோட்டா வருவதற்குள் போய்விடும். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

இப்போது கடைகளில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, வருஷக் கடைசியில கஸ்டமர் எல்லாம் காணாமப் போறாங்க, என்ன பண்றது?" நான் சொல்வது இதுதான். போகிறவர்களைத் துரத்தாதீர்கள். பிழைப்புக்காக ஓட்டுகிறவர்கள் இல்லை அவர்கள். ஆசைக்கு ஓட்டுகிறார்கள். ஆசை ஓய்வெடுக்கும்போது விட்டுவிடுங்கள். அவர்கள் திரும்பி வருகிற அன்று கடை திறந்திருக்க வேண்டும், உங்கள் முகத்தில் கேள்வி இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.