மூன்று நாள் நின்ற கார்

கல்யாணமான முதல் ஆடிக்கு அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. ஆவணி பிறந்ததும் மாமா காரில் வந்து ஓசூருக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நல்லவர். வரும்போதெல்லாம் எனக்கு முறுக்கு வாங்கி வருவார். அந்த முறையும் வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

கார் வாசலில் வந்து நின்ற பிறகும், இன்ஜினை அணைக்கும்வரை உதறிக்கொண்டிருந்தது. கதவு, கண்ணாடி எல்லாம் நடுங்கின. அம்மா கொடுத்த காபி டம்ளரை மாமா பானெட் மேல் வைத்தார். டம்ளர் தானாக நகர்ந்து போய்க் கீழே விழுந்தது.

"வழியெல்லாம் இப்படித்தான் ஆடிக்கினு வந்துச்சு," என்றார் மாமா.

அதில் அக்காவை ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா ஒப்பவில்லை. வண்டி சரியானால்தான் பயணம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

செவிலிமேட்டிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்ஜின் மவுண்டிங் போயிருக்கும்னு நினைக்கிறேன். இன்ஜின் உக்கார்ற ரப்பர்பா அது. உள்ள ஆயில் ரொப்பி வச்சிருப்பான். ஆட்டத்தை அது வாங்கிக்கும். கிழிஞ்சா ஒழுகும். காலைல வெளிச்சத்துல அடியில பாத்தா தெரிஞ்சிடும்."

டார்ச் வெளிச்சம் எங்கே விழுந்தது என்று நானும் பார்த்துக்கொண்டேன். வலது சக்கரத்துக்கு உள்பக்கம்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து காருக்கு அடியில் நுழைந்தேன். ரப்பரில் கறுப்பாக ஏதோ பிசுபிசுவென்று வழிந்திருந்தது. அக்காவின் பழைய தாவணிக் கிழிசலால் நன்றாகத் துடைத்தேன். தரையில் சொட்டியிருந்ததை மண் போட்டு மூடினேன். துணியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் திணித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வந்து மல்லாந்து படுத்துப் பார்த்தார். "ஒழுகலையே," என்றார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அன்று அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

இரவு மழை. விடிகாலையில் தொட்டிக்குப் பின்னால் கை விட்டேன். துணி ஈரமாக, கறையே இல்லாமல் இருந்தது. மழைக்கு நன்றி சொல்லிவிட்டு மறுபடி துடைத்தேன். மெக்கானிக் மறுபடி படுத்துப் பார்த்தார். வேறு எதையோ கழற்றி மாட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாளும் துடைத்தேன். அன்று காலை எதிர்வீட்டு நெசவுக்காரர் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்ட வேண்டும். கார் வழியில் நின்றது.

"இன்னா மாப்ள, வண்டி ரிப்பேரா, இல்ல மாமியார் சோறு புடிச்சிப்போச்சா?" என்றார்.

தெருவே சிரித்தது. மாமா காரை ஓரமாக ஒதுக்கினார்.

மெக்கானிக் இந்தத் தடவை கீழே படுக்கவில்லை. மாமாவை உள்ளே உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லி, திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை கொஞ்சமா விடுங்க. வண்டி நகரக் கூடாது."

இன்ஜின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தது. ரிவர்ஸ் போட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது.

"மவுண்டிங்தான். செத்துப்போச்சு. ஆனா ஒழுகின தடம் இல்லையே. யாராவது அடியில தொடச்சீங்களா?"

"காருக்கு அடியில எவன்பா பூந்து தொடைப்பான்?" என்று அம்மா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. என் கவுன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

மத்தியானம் புது ரப்பர் போட்டார்கள். மாமா பானெட் மேல் டம்ளரை வைத்துப் பார்த்தார். அசையவில்லை. நாலு மணிக்குக் கிளம்பினார்கள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் நகர்ந்த பிறகுதான் விட்டாள். சத்தமே இல்லாமல் போயிற்று கார். சத்தம் இருந்திருந்தால் தெருக்கோடி திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கும்.

இப்போது நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். அதிலும் அந்த ரப்பரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். அந்தக் கறை துணியில் பட்டால் மழையில் போகாது. சோப்பு போட்டுக் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும்.

அன்று கார் போன பிறகு, துணியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தொட்டிக்குப் பின்னால் போனேன். காலையில் கறுப்பாகத் திணித்த துணி அலசிக் காய்ந்து, நாலாக மடித்து வைத்திருந்தது. அன்று மழை இல்லை. இருந்தாலும் மழைதான் என்று நினைத்துக்கொண்டேன். மழை மடித்து வைக்காது என்பது அந்த வயதில் தோன்றவில்லை.