விமான அலுமினியம்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், குளியலறை டைல்ஸ் பற்றி அவருக்கு நிஜமாகவே தெரியும். டைல்ஸ் கடையில் மேற்பார்வையாளர். எந்தக் கல் வழுக்கும், எது கறை பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த மனுஷன் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பொம்மை விமானங்களுக்கு பிஸ்டன் செய்யக் கிளம்பிவிட்டார்.

பிள்ளைகள் படிப்பதற்கென்று கட்டிய அறையில் உலோகம் கடையும் ஒரு சின்ன லேத்தைக் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகின்றன. அலுமினியச் சுருள் அக்காவின் துடைப்பத்தில், பாத்திரம் தேய்க்கும் நாரில், ஒருமுறை என் காபியில்கூட வந்தது. "எடுத்துப் போட்டுட்டுக் குடிடி, ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா. இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையை அவள் அப்படித்தான் குடித்திருக்கிறாள்.

பிஸ்டன் என்றால் கட்டைவிரல் நுனி அளவு. எங்கள் சங்கத்தில் நாங்கள் பறக்கவிடும் சிறிய விமானங்களின் இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுவது. இன்ஜின் செய்த கம்பெனிகளில் பாதி இழுத்து மூடிவிட்டன. பிஸ்டன் தேய்ந்தால் யாராவது கடைந்து கொடுத்தால்தான் உண்டு. அத்தான் கடைந்து கொடுத்தார். ஆஹா, எப்பேர்ப்பட்ட கடைசல்! முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். சங்கத்தில் அவருக்கு 'பாலிஷ்' என்றே பெயர். கிண்டல் என்று அவருக்கு மட்டும் தெரியாது. அவர் பிஸ்டன் போட்ட இன்ஜின்கள் எல்லாம் அலமாரிகளில் அழகாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் பறக்கவில்லை. ஆனால் மூஞ்சிக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, வீட்டுக்குப் போனால் அக்கா அத்தனை அன்பாக உபசரிப்பாள்.

அலுமினியத்தை அவர் தேர்ந்தெடுக்கும் அழகே தனி. பழைய சாமான் கடையில் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். எது அதிகம் மின்னுகிறதோ அது உயர்ந்த ஜாதி. மங்கலாக இருந்தால் தள்ளுபடி. டைல்ஸ் வாங்க வருகிறவர்களே இதைவிடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த லட்சணத்தில்தான் என் இன்ஜினின் பிஸ்டன் தேய்ந்தது. எனக்கு இருப்பது அந்த ஓர் இன்ஜின். அதன் சிலிண்டர் பித்தளை, உள்ளே குரோமியப் பூச்சு. அந்தப் பூச்சு கீறினால் கதை முடிந்தது. மாற்று சிலிண்டர் உலகத்தில் எங்கும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். வெளியூரில் ஒரு கடைசல்காரரிடம் அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் அக்கா வந்து நின்றாள்.

"வீட்டுலயே ஆளை வச்சிக்கிட்டு வெளியில குடுத்தா அவரு மனசு என்ன பாடுபடும்? ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலைடி."

"ஒழுங்கா செய்வாரா உன் வீட்டுக்காரரு?"

"நான் பார்த்துக்கறேன். என்னை நம்பி குடு."

அக்காவை நம்பித்தான் கொடுத்தேன், அவரை நம்பி அல்ல. ஆனாலும் சும்மா கொடுக்கவில்லை. மோட்டார் மெக்கானிக் ஒருவர் கழித்துப் போட்ட டீசல் பிஸ்டன் ஒன்றை, கரி பிடித்த தடிமாடு மாதிரி இருந்ததை, கையோடு கொண்டுபோனேன்.

"இதுலேருந்து கடைஞ்சு குடுங்க அத்தான்."

விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "குப்பைத் தொட்டியில கிடந்ததையா இன்ஜினுக்குள்ள போடச் சொல்ற?"

"அது குப்பைக்கு முன்னாடி பிஸ்டனாத்தான் இருந்துச்சு."

லேத்தில் மாட்டி ஓரத்தில் கொஞ்சம் சீவினார். கரகரவென்று சத்தம். உளியின் முனை மழுங்கியது. சீவிய இடம் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகக் கிடந்தது. தன்னை யாரோ வேண்டுமென்றே அவமானப்படுத்தியது போல அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பாரு, பாரு. இதுவா அலுமினியம்? இங்க பாரு." மேசைக்கு அடியிலிருந்து ஓர் உருளைத் தண்டைத் துணியோடு எடுத்தார். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டி எடுப்பது போல. "நிஜ விமானத்துல போடுற அலுமினியம். சும்மாவா குடுப்பான் எவனும்? உன்னது விமானம். விமானத்துக்கு விமான அலுமினியம்தான் போடணும். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

சின்னப் பிள்ளைக்குத்தான் புரியும். விமானத்தின் உடம்புக்குப் பலம் வேண்டும். பிஸ்டனுக்கு வேண்டியது வேறு. இன்ஜின் சூடானால் பித்தளை சிலிண்டர் விரியும். உள்ளே ஓடும் பிஸ்டன் அதைவிடக் குறைவாக விரிய வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் நிறையக் கலந்த அலுமினியம்தான் அப்படி அடக்கமாக விரியும். அந்த சிலிக்கான்தான் உளியை மழுக்குகிறது, பாலிஷ் ஏறவிடாமல் செய்கிறது. அவருடைய விமானத் தண்டோ வெண்ணெய் போலச் சீவும், கண்ணாடி போல மின்னும், சூடானால் பித்தளையையும் மிஞ்சி விரியும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவர் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி சரி, உன் குப்பையிலயே செஞ்சு தர்றேன், போ" என்றார் கடைசியில். அக்கா கதவருகே நின்று எனக்குத் தலையாட்டினாள்.

சங்கத்தின் பறக்கும் நாளன்று புது பிஸ்டனை உள்ளே வைத்துப் பூட்டிய இன்ஜினை நேராக மைதானத்துக்குக் கொண்டுவந்தார். முன்னதாகத் தரமாட்டாராம், செட்டிங் கலைந்துவிடுமாம். கூடவே தன் டைல்ஸ் கடை முதலாளியை வேறு அழைத்து வந்திருந்தார், பெருமை பார்க்க. நான் இன்ஜினின் புகைத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று மின்னியது. டீசல் பிஸ்டனில் கடைந்தது இப்படி மின்னாது.

"என்ன அத்தான் இவ்ளோ மின்னுது?"

"பாலிஷ் போட்டா மின்னாதா?"

அந்த ஆளிடம் கேட்டு என்ன பயன்? அக்காவைத் தனியாக இழுத்துப்போனேன். "அக்கா, நிஜத்தைச் சொல்லு. நான் குடுத்த டீசல் பிஸ்டன்லதானே செஞ்சாரு?"

அக்கா முதலாளியைப் பார்த்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

"ஆமாடி. அதுலதான்."

அக்கா என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. இன்ஜினைத் தாங்கியில் பூட்டி, எரிபொருள் ஊற்றி, விசிறியைச் சுண்டினேன். உடனே பிடித்தது. அத்தான் முதலாளியிடம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். நான் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினேன். சத்தம் ஏறியது, நன்றாகவே ஏறியது, சந்தேகப்பட்டதற்காக ஒரு நொடி நான்கூட வெட்கப்பட்டேன். பிறகு சூடு ஏறவும் சத்தம் இறங்க ஆரம்பித்தது. மூச்சு வாங்குவது போல ஒரு முனகல். எரிபொருளை நிறுத்துவதற்குள் டக்கென்று நின்றுவிட்டது. விசிறியைக் கையால் திருப்பினேன். அசையவில்லை.

"எரிபொருள் சரியில்ல" என்றார் அத்தான், முதலாளியிடம். "இவ கலந்தது."

அங்கேயே பிரித்தேன். பிஸ்டனைத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சிலிண்டருக்குள் குரோமியம் பட்டை பட்டையாக உரிந்து, அலுமினியம் அப்பிக் கிடந்தது. அவ்வளவுதான். அழுகை வந்தது, அழுதேன். அந்த மனுஷன் முன்னால் அழுததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பிள்ளைகளைப் பார்க்கிற சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். லேத் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு முட்டுக்கொடுத்திருந்தார்கள். என் டீசல் பிஸ்டன். ஓரத்தில் அந்த ஒரு சீவல் மட்டும், மற்றபடி முழுசாக. அக்கா அதைத் தினமும் தள்ளித்தான் அந்த அறையைப் பெருக்குகிறாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு பல மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் அழைத்தாலும் எடுக்கவில்லை.

அக்கா மகள் பரீட்சையில் தேறியதற்கு எல்லாரும் கூடியபோதுதான் மறுபடி போனேன். கூடத்தில் உறவுக்கூட்டம். சுவர் அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், வெல்வெட் துணிமேல், அன்று மைதானத்தில் நான் போட்டுவிட்டு வந்த, என் இன்ஜினைக் கொன்ற பிஸ்டன். சிராய்ப்பெல்லாம் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டிருந்தார், புண்ணியவான்! புது மாப்பிள்ளைப் பையன் ஒருவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தானுக்கு அது போதாதா?

"நிஜ விமான அலுமினியம் தம்பி," என்று ஆரம்பித்தார் அத்தான். "என் மச்சினி இன்ஜினுக்காக நானே கடைஞ்சது. அன்னிக்கு மைதானத்துல அது ஓடின ஓட்டம் இருக்கே..."

"அது ஓடலைங்க."

டீத் தட்டோடு அக்கா நின்றிருந்தாள். கூடமே அவள் பக்கம் திரும்பியது. அத்தான் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா நீ, கொஞ்ச நேரம் ஓடுச்சுல்ல?"

"ஓடலை. பிடிச்சு நின்னுடுச்சு. அவ கரெக்டான பிஸ்டனைத்தான் குடுத்தா, நீங்க அதைக் கதவுக்கு முட்டுக்குடுத்துட்டு இதைச் செஞ்சீங்க. அவ என்கிட்ட கேட்டா. நான் உங்க மானத்துக்காக அவகிட்ட பொய் சொன்னேன்."

அத்தான் ஏதாவது சொல்வார் என்று கூடமே காத்திருந்தது. அவர் அலமாரியைத் திறந்தார். பிஸ்டனை எடுத்தார். நாலு பேர் முன்னால், அக்கா பேசியது எதுவுமே காதில் விழாதது போல, அதைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரையும் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடவில்லை.