இத்ரூஸின் இடக்கைக் கிட்டார்

மாத்தளையில் இத்ரூஸைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு இத்ரூஸைச் சொல்வார்கள். பகலில் அவன் அண்ணன் மக்கீனின் மிளகுக் கடையில் தராசு பிடித்தவன். மாலையில் நீலப் பறவைகள் இசைக்குழுவில் மின்சாரக் கிட்டார் வாசித்தவன். இடக்கைக்காரன். சின்ன வயதில் வாப்பா அடித்து அடித்துச் சாப்பாட்டை வலக்கைக்கு மாற்றிவிட்டார். கிட்டார் வாங்கிய காலத்தில் வாப்பா உயிரோடு இல்லை. கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டிக்கொண்டான். குழுவில் வேறு யாருக்கும் அதை வாசிக்க வராது.

கலேவெல பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பாறூக் இன்றும் ஒரு கதையைச் சொல்வான். கலேவெல கார்னிவலில் இத்ரூஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் கரண்ட் போய்விட்டது. கிட்டார் ஊமையானது. பாறூக்கும் கூட்டாளிகளும் விடவில்லை. மீதி மெட்டை வாயாலேயே பாடி முடித்தார்கள். இருட்டில் இத்ரூஸ் சிரித்த சிரிப்பு மேடைக்குக் கீழே கேட்டதாம்.

அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவன் மனைவி றமீஸா. அந்த வீட்டுப் பெண்கள் கச்சேரிக்குப் போவதில்லை. அவள் கேட்டதெல்லாம் வயர் மாட்டாத கிட்டாரை அவன் கட்டிலோரம் உட்கார்ந்து பழகும்போது எழும் மெல்லிய சத்தத்தைத்தான். கொசுவலைக்குள் புகுந்த நுளம்பு பாடுவது போல இருக்கிறது என்று கேலி செய்வாள். ஒரு நாளைக்குக் கூட்டிப் போய் உண்மையான சத்தத்தைக் கேட்க வைப்பதாக அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோனது. அந்த ஒரு நாள் வரவே இல்லை. ஐயோ, எத்தனை சின்ன ஆசை அது!

கணவனை இழந்த பெண் தனித்திருக்கும் இத்தாவில் றமீஸா திரைக்குள் இருந்தபோது குழுத் தலைவர் தர்மராஜா வந்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர், குழுவில் டிரம் வாசிப்பவர், யாழ்ப்பாணத்து ஆள். தன் தகப்பனுக்குச் செய்தது போலவே முப்பத்தோராம் நாளில் நினைவு விழா வைத்து, படத்துக்கு மாலை, குத்துவிளக்கு என்று நோட்டீசும் அடித்து ஒட்டிவிட்டிருந்தார். அன்பில் செய்த பிழை. மேடையில் வைக்கக் கிட்டாரைக் கேட்க வந்தவரின் முன்னால் மக்கீன் அந்த நோட்டீசை நீட்டினார்.

"இத்தன வருஷம் எங்கட வீட்டுல சோறு தின்னீங்க. எங்களுக்கு நாப்பதாம் நாள்தான் ஓதிச் சோறு குடுக்குற கத்தம், படத்துக்கு மாலை போடுறது இல்லண்டு ஒருக்காவாவது கேட்டீங்களா?"

தர்மராஜாவுக்குக் கண் கலங்கியது. படமும் விளக்கும் வேண்டாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். கிட்டாரை மட்டும் மறுபடி கேட்டார். அப்போது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அத யாரு வாசிக்கப் போற, அண்ணன்?"

"ஒருத்தருக்கும் ஏலாது தங்கச்சி. ஒரு கதிரையில வைக்கப்போறம்."

"அப்ப வேணாம். சத்தம் வராத கிட்டார நான் இங்கயே பாத்துட்டேன்."

தர்மராஜா தலை குனிந்து போனார். மக்கீன் கிட்டாரைச் சாக்கில் கட்டி மிளகு அறைக்குள் போட்டார். ஓதும் வீட்டில் வாத்தியம் கூடாது, கத்தத்துக்கு முன்னால் அது வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அவர் முடிவு. றமீஸா மறுக்கவில்லை. அவன் விரல் பட்ட கடைசிப் பொருளும் போகப்போகிறது என்று அன்றிரவு அவள் அழுததைத் தலையணை மட்டும் அறியும்.

விழா நாள் வந்தது. மண்டபம் அவர்கள் தெரு முனையில்தான். தர்மராஜா சொன்னபடி பாறூக் கம்பத்தில் ஏறி, லவுட்ஸ்பீக்கர் குழாயை இத்ரூஸின் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டான். படமில்லை, விளக்கில்லை. குழு அவனுடைய பாட்டைத் தொடங்கியது. கிட்டார் வரவேண்டிய இடத்தில் எல்லாரும் நிறுத்தினார்கள். டிரம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

பாறூக்கால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயர் கூவிக் கூவிக் கட்டிப்போன தொண்டையால் அந்த மெட்டைத் தொடங்கினான். அடுத்த வரிசை சேர்ந்தது. பிறகு மண்டபமே பாடியது.

றமீஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். கட்டிலோரத்து நுளம்புதான், இப்போது நூற்றுக்கணக்கான தொண்டைகளில்.

ஜன்னலைச் சாத்த எழுந்த மக்கீனின் கை அப்படியே நின்றது. கடையில் தராசு முள் அடங்கும்வரை தம்பி முனகிக்கொண்டே இருந்தது இதே மெட்டைத்தான். பல்வலி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் மிளகு அறைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்து திரைக்குக் கீழே தள்ளினார்.

"தங்கச்சி, இது இங்கயே ஈக்கட்டும். இனி இத வெளிய அனுப்பச் சொல்ல மாட்டேன்."

உள்ளே கட்டு அவிழ்ந்தது. மிளகுத் தூளில் றமீஸா தும்மினாள். பிறகு ஒரு கம்பி மெல்ல அதிர்ந்தது.

"நானா," என்று மக்கீனைக் கூப்பிட்டாள், "இவ்வளவு நாளும் எனக்குப் பாதிதான் கேட்டிருக்கு."

மக்கீன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பதாம் கத்தத்தன்று கிட்டார் றமீஸாவின் கட்டிலோரம் சாய்ந்திருந்தது. முன்னறையில் ஓதினார்கள். தர்மராஜா லேஞ்சிக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலோரம் ஒதுங்கி இருந்தார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் வைக்கப்பட்டபோது, மக்கீன் தன் பக்கத்தில் ஓரிடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. வழக்கமாக அங்கே இத்ரூஸ் உட்காருவான்.

"தர்மராஜா, இங்க வாங்க," என்றார். "சோறு ஆறுது."