நெஞ்சைச் சுற்றிக் கட்டிய துணி

புதிதாக வாங்கிய எந்தச் சாமானுக்கும் நான் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க மாட்டேன். டிவி ரிமோட் இன்னும் கவரோடுதான் இருக்கிறது. பைக் சீட்டில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். இந்தப் புத்தியால் ஒருநாள் நான் செத்துப்போனதாக நானே நம்பினேன்.

இடஒதுக்கீடு கேட்டு அடிக்கடி சாலை மறியல் நடந்த சமயம். எனக்கு நெஞ்சு படபடப்பு இருந்ததால் மைத்துனர் சென்னையிலிருந்து ஒரு பெல்ட் அனுப்பியிருந்தார். உள்பக்கம் வெள்ளி நூல் கலந்து நெய்த இரண்டு துணிப்பட்டைகள். தோலில் பட்டால் இதயத் துடிப்பைப் பிடித்து செல்போனில் எண்ணாகக் காட்டுமாம். அதைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, டாக்டரைப் பார்க்க மனைவியோடு கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டை அடைத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கரும்பு டிராக்டர்கள். போனைப் பார்த்தேன். நூற்றுப் பத்து. சட்டைப் பட்டனைக் கழற்றினேன். நூற்று எழுபது. கை சில்லிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு. ஜன்னலுக்கு வெளியே கோஷம் போடும் வாய்கள் தெரிந்தன, சத்தம் காதில் விழவில்லை. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு பூஜ்யம். அப்படியே நின்றுவிட்டது. போனை மனைவியிடம் நீட்டினேன்.

அவள் இறங்கி ஓடினாள். என்ன சொன்னாளோ, கோஷம் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து என்னைத் தன் பைக்கில் ஏற்றினார். மனைவி எனக்குப் பின்னால் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடாத. எதனா பேசிக்கினே வா" என்றாள்.

நான் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் சட்டையை விலக்கி, பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டார். இரண்டு பட்டைகளிலிருந்தும் நான் பிரிக்காமல் விட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை உரித்தெடுத்தார். துணி தோலில் படவேயில்லையாம். நான் பார்த்த எண்கள் பாலியஸ்டர் சட்டை உரசி வந்தவையாம். பட்டையை ஈரப்படுத்தி மறுபடி வைத்ததும் போன் தொண்ணூற்றாறு காட்டியது. மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையிலேயே வைத்துவிட்டு வண்டியை உதைத்தார்.

"அடுத்த தபா நெசமாவே நெஞ்சு வலின்னா வேற ரோட்டுல போங்க. எங்காளுங்க எழுந்துக்க மாட்டாங்க."