டவருக்குப் பின்னால் ஒளிந்த சூரியன்

தாராவியில் என் ஒர்க்‌ஷாப்பில் கணபதி விழா மண்டபங்களுக்கு ஃபைபரில் தூணும் கோபுரமும் செய்துகொண்டிருந்தோம். செம்பூரில் ஒரு மியூசியம் எங்களை நம்பி வேறு மாதிரி வேலை கொடுத்தது. பெருங்கற்கால மக்கள் நட்ட நெடுங்கற்கள் இரண்டுக்கு ஃபைபரில் நகல். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் நாளில், இரண்டுக்கும் நடுவே சூரியன் இறங்கவேண்டும். சரியாக வந்தால் அடுத்த காலரி முழுக்க எங்களுக்கு. சொதப்பினால் பழையபடி மண்டபத் தூண்தான்.

மண்டப வேலையில் ஹாலஜன் விளக்கை வைத்துத்தான் எதையும் சரிபார்ப்போம். அதே பழக்கத்தில் நேர் மேற்கே மதிலோரம் சூரியனுக்குப் பதில் விளக்கை வைத்து, கற்களை நிறுத்தி, போல்ட் போட்டுவிட்டோம். மதிலுக்கு அப்பால் நின்ற அடுக்குமாடி டவரை ஒருத்தரும் நினைக்கவில்லை. தினமும் பார்க்கிற டவர்தானே!

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. சூரியன் சரிவாக இறங்கி வந்தது. நேர் மேற்கைத் தொடுவதற்குள், இடது கல்லுக்கு வெளியிலேயே டவருக்குப் பின்னால் போய்விட்டது.

"போச்சு! நாளைக்கு டிரஸ்டீ எல்லாரும் வரா," என்றார் மியூசியப் பொறுப்பாளர் வேதா மேடம், மாட்டுங்காக்காரர்.

"அண்ணாச்சி, டவர நவுத்த முடியாது. கல்ல நவுத்தலாம்லா? உள்ள பூரா காத்துதான?" என்றான் எங்கள் வெல்டர் இசக்கி.

மேடம் முகம் மலர்ந்தது. "அந்தக் காலத்துலயும் மொதல்ல கம்பு நட்டுப் பாத்துட்டுத்தான் கல்லை நட்டிருப்பா!"

"செத்தவங்களுக்கு நட்ட கல்லுன்னீங்களே மேடம்?" என்று கேட்டேன்.

"அதுவும் சொல்றா, சூரியனுக்குன்னும் சொல்றா. ரெண்டுமே இருக்கலாம். யாருக்கும் நிச்சயமா தெரியாது."

டவர் உச்சியில் வெளிச்சம் அடங்குவதற்குள், சூரியன் மறைந்த திசைக்கு நேராக ஒரு மூங்கிலை நட்டோம். மறுநாள் காலையில் போல்ட்டைக் கழற்றி, கற்களைத் தூக்கி, மூங்கிலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, மூங்கிலைப் பிடுங்கினோம். நிஜக் கல்லாக இருந்திருந்தால் இடுப்பு ஒடிந்திருக்கும்.

சாயங்காலம் டிரஸ்டீக்கள் வந்து உட்கார்ந்தார்கள். சூரியன் சமர்த்தாகக் கற்களின் நடுவே இறங்கி, தரையில் நீளமாக வெளிச்சம் போட்டது. எங்கள் ஆட்களுக்கு இதற்கெல்லாம் கைதட்டிப் பழக்கமில்லை. "கண்பதி பப்பா!" என்று பிள்ளையார் ஊர்வலத்தில் கத்துவதுபோல இசக்கி கத்தினான். "மோர்யா!" என்றார்கள் எல்லாரும், டிரஸ்டீக்களும் சேர்ந்து. அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலரி எங்களுக்கே வந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போல்ட் போடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் மூங்கிலை நட்டுவிட்டு, மேற்கே பார்த்து நில்லுங்கள். அந்தக் கற்களை நட்டவர்களும் அப்படி நின்றிருப்பார்கள். வெயில் விழுந்ததும் எங்களைப்போலக் கத்தியும் இருப்பார்கள்.