மட்ரிட்டில் இருக்கும் தங்கச்சி

ஐம்பத்திரண்டு நாள். இமாவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

இது லண்டனில் நடந்தது. 1993, ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல வெயில். பேய் வருகிற நேரமே இல்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று பியற்றிஸ் பல வருடம் வாய் திறக்கவில்லை. ஆனால் நடந்தது.

இமா என்கிற இம்மாகுலேற் அவளுடைய தங்கை. வயது பத்தொன்பது. மன்னாரிலிருந்து லண்டனுக்குக் கூட்டிவர ஏஜென்ட் அருள்நேசன் பொறுப்பெடுத்திருந்தான். நடுவழியில் அவளிடமிருந்து பேச்சு நின்றுபோயிற்று. நாளைக்கே குரோய்டனிலுள்ள குடிவரவுக் கந்தோருக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாக பியற்றிஸ் அவனிடம் சொன்னாள். அதன் பிறகுதான் அவனுக்குப் பாசம் பொங்கியது.

"அவள் மட்ரிட்டில சுகமா இருக்கிறாள் பிள்ளை. வா, ஒரு ஸ்பானிஷ் கடையில சாப்பிடுவம். உன்ர தங்கச்சி அங்க என்னத்தைத் தின்னுறாள் எண்டு நீயும் பார்."

கடை நிலத்துக்குக் கீழே இருந்தது. படி இறங்கும்போதே பூண்டு வாசமும் வைன் வாசமும் முகத்தில் அடித்தன. சின்ன மேடை. ஒருவர் கிற்றார் வாசித்தார். இரண்டு பேர் அருகில் உட்கார்ந்து கை தட்டினார்கள். இசபெல் என்று ஒருத்தி சிவப்புப் பாவாடையைத் தூக்கிப் பிடித்து, ஆணி அடித்த சப்பாத்தால் பலகையை உதைத்து ஆடினாள். கதிரைகள் அதிர்ந்தன.

"மனுசி இண்டைக்குப் பலகையை உடைக்காமல் விடாது போல" என்றான் அருள்நேசன்.

"ஏன் அண்ணை அவள் ஒரு போன் எடுக்கேல்லை?"

"போன் காட் முடிஞ்சிருக்கும். முதல்ல சாப்பிடு. றால் ஆறுது."

இரண்டு மண்சட்டிகளில் இறால். எண்ணெய் கொதித்தபடியே மேசைக்கு வந்தது. அவளுடைய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவனுடையது... சட்டென்று அடங்கியது. எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்பட்டது. அவன் குத்திய முள்ளுக்கரண்டி அப்படியே நட்டதுபோல் நின்றது.

"ஐஸ்ல இருந்து நேர தூக்கி வச்சிருக்கிறாங்கள், பண்டியள்" என்று சிரித்தான்.

சிரித்த வாயிலிருந்து புகை வந்தது. அவன் சிகரெட் பிடிப்பதில்லை.

ஏழு மணி பத்து. ஆட்டம் முடிந்தது. கிற்றார் நின்றது. தட்டியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

டொம்... டொம்... டொம்...

கையில் கை படுகிற சத்தம் இல்லை அது. தகரத்தில் கை படுகிற சத்தம். மேசைக்குக் கீழேயிருந்து வந்தது. அவன் பக்கத்திலிருந்து. வேறு மேசைகளில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அருள்நேசனுக்குக் கேட்டது. முகம் சாம்பலாயிற்று.

"ஒண்டுக்குப் போட்டு வாறன்."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஓடிவிட்டானோ என்று பியற்றிஸ் எழுந்து போனாள். நீண்ட ஒடுக்கமான நடை. கடைசியில் கழிவறைக் கதவு. உள்ளேயிருந்து அருள்நேசன் கதவைக் குத்திக்கொண்டிருந்தான்.

"ஆரது? திற! கதவு இறுகிப்போச்சு!"

கதவுக்கு வெளியே பூட்டு இல்லை. தாழ்ப்பாள் உள்ளே, அவன் பக்கம்.

கைப்பிடி முழுக்க உறைபனி. தொட்டாள். அவள் கைக்கு அது இளஞ்சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் யாரோ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல...

கைப்பிடி சுலபமாகத் திரும்பியது. தள்ளினால் திறந்துவிடும்.

அவள் தள்ளவில்லை.

"பிள்ளை, நீயே? திறவன்! குளிருது... மூச்சு விட ஏலாமல் கிடக்கு!"

"இமா எங்க?"

"சொன்னன்தானே, மட்ரிட்டில..."

கதவின் கீழே தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

"ஐயோ, இஞ்ச ஆரோ நிக்கினம்! பிள்ளை!"

"இமா எங்க?"

டொம். டொம்.

இப்போது உள்ளேயிருந்து தட்டுவது இரண்டு பேர்.

ஒன்று அவனுடைய முரட்டுக் குத்து. மற்றது மெல்ல... களைத்துப்போன கை.

பிறகு இரண்டும் நின்றன.

இருட்டுக்குள்ளிருந்து அருள்நேசன் பேசினான். பியற்றிஸிடம் அல்ல. பக்கத்தில் நிற்கிற யாரிடமோ ஒப்புக்கொள்வதுபோல.

"அவள் செத்திட்டாள். மீன் லொறியில, பின்னுக்கு, ஐஸோட. ஏலாட்டித் தட்டு, திறப்பன் எண்டு நான்தான் சொன்னனான். தட்டினவள். கனநேரம் தட்டினவள். முன் சீற்றில இருந்த எனக்குக் கேட்டது..."

மூச்சை இழுத்தான்.

"ரேடியோச் சத்தத்தைக் கூட்டி விட்டனான்."