ஒரு வரி வசனம்

மருமகள் பார்க்கும் பழைய தொலைக்காட்சித் தொடரில், என் சித்தப்பா சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குகிறார். கதாநாயகியின் இறந்துபோன அப்பா அவர். படத்துக்கு வசனம் கிடையாது. அதற்குக் காரணம் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்தப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள் வார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போனாலே ஈரக் களிமண் வாசனை அடிக்கும். மெட்ராஸிலிருந்து சினிமா வாய்ப்பு வந்தது. ஒரே வரி வசனம்: "வீட்டுக்குப் போங்கம்மா." காயவைத்த பொம்மைகளை எதிரே நிறுத்தி, பத்து நாள் சொல்லிப் பார்த்தார்.

"வூட்டுக்குப் போங்கம்மா. டேய், ஸ்கூல்ல நீதான தமிழ்ல மொத மார்க்கு? சரியா சொல்றனா?"

'வீ' 'வூ'வான பிழை என் காதில் விழுந்தது. சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பார். மெட்ராஸ் சினிமாக்காரர்கள் சிரிக்கட்டும் என்ற குறும்பில், "பிரமாதமா இருக்குது சித்தப்பா" என்றேன்.

படம் வந்தது. தெருவே திரண்டு கொட்டகைக்குப் போனோம். திரையில் சித்தப்பா வாயசைத்தார். கேட்டதோ வேறு யாருடைய குரலோ.

"என்னாப்பா, தொண்டைய மெட்ராஸ்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று ஒருவர் கத்த, கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன்பின் அவருக்குக் கூட்டத்தில் நிற்கும் வேடங்கள்தான். கடைசியாக, சுவரில் தொங்கும் இந்தப் படம்.

சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அன்னிக்கு நான் சரியாத்தானடா சொன்னேன்? எதுக்குக் கொரல மாத்துனாங்க?"

"சரியாத்தான் சொன்னீங்க சித்தப்பா."

மருமகள் திரையைக் காட்டுகிறாள். "மாமா, அந்தப் போட்டோல இருக்கறவரு ஒங்க ஜாடையா இருக்குறாரே, யாரு?"

"யாரோ நடிகரும்மா" என்றேன்.